காலை நீட்டி உட்கார ஒரு வண்டி

வல்லக்கோட்டை
18.8.2024

அன்புத் தங்கை ஜோஸ்லினுக்கு,

அண்ணன் செல்வநாதன் எழுதுவது. இயேசுவுக்கே புகழ். நானும் உன் அண்ணி அன்னபுஷ்பமும் இங்கே ஏதோ இருக்கிறோம். நிர்மலுக்குக் கோவையில் கடைசி வருடம், இந்த மாதமும் வரவில்லை. உனக்கு மூச்சிரைப்பு குறைந்ததா? கன்னியர் மடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்பது எட்டு வருடம் ஆகியும் எனக்குப் பழகவில்லை. ஏதாவது கேட்கத் தோன்றும்போதெல்லாம் கை போனுக்குத்தான் போகிறது.

கேட்க வந்தது இதுதான். பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். சின்ன வண்டி போதும். பெட்ரோலா, டீசலா, கேஸா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரகடத்தில் எட்டு வருடம் என்ஜினை ஓட்டிப் பார்த்துப் பாஸ் போட்டவள் என் வீட்டிலேயே இருந்தாள். அவளைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

எனக்கு முதுகுவலி. கம்பெனியில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். ஜூலையிலிருந்து ஸ்டோரில் இருக்கிறேன், சீட்டு எழுதும் வேலை. பைக் ஓட்டவும் அலுப்பாக இருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

எங்களுக்காகவும் ஜெபித்துக்கொள்.

உன் அண்ணன்
செல்வநாதன்


திண்டிவனம்
30.8.2024

அன்புள்ள அண்ணா,

இயேசுவுக்கே புகழ். மழைக்கு முன் மூச்சு கொஞ்சம் திணறும், பிறகு சரியாகிவிடும். இங்கே பதினோரு பேரில் மூன்று பேர் படுக்கையில். திருப்பலிக்கு அப்பம் சுடும் மெஷினையும் ஜெனரேட்டரையும் பார்ப்பது என் பொறுப்பு. அதனால் என்ஜின் என்ற சொல்லை உன் கடிதத்தில் பார்த்ததும் தலைவி அம்மா சிரித்தபடி, "இது உனக்குச் சோதனையா, ஆறுதலா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

எந்த என்ஜின் என்பது வண்டியைப் பார்த்துச் சொல்வதல்ல, ஓடப்போகும் பாதையைப் பார்த்துச் சொல்வது. டீசல் தூரத்துக்குப் பிறந்தது. நன்றாகச் சூடேறி, அந்தச் சூட்டிலேயே மணிக்கணக்கில் ஓடவேண்டும். நாலு தெரு ஓடி அணைத்துக்கொண்டே இருந்தால் உள்ளே கரி படியும், பழைய டீசலில் அந்தக் கரிதான் பெரிய செலவு. கேஸ் தினமும் நிறைய ஓடுகிறவனுக்கு லாபம், ஆனால் பின்னால் சாமான் வைக்கும் இடத்தைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். துண்டு துண்டாக ஓடும் வண்டி என்றால் பெட்ரோல்தான்.

ஆகவே எனக்கு மூன்று விஷயம் எழுது. ஒரு தடவை கிளம்பினால் எத்தனை கிலோமீட்டர், நடுவில் எத்தனை முறை அணைப்பாய், யார் உட்காரப்போகிறார்கள்.

ஃபோர்க்லிஃப்டில் இருந்து இறங்கமாட்டேன் என்று இரண்டு முறை பிரமோஷனை விட்டவன் நீ. முதுகுக்கு டாக்டரைப் பார்த்தாயா? அண்ணிக்கு என் அன்பு.

ஜெபங்களில் உங்களை நினைக்கும்
ஜோஸ்லின்


வல்லக்கோட்டை
15.9.2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தை அன்னபுஷ்பம் சத்தமாக வாசித்தாள். "டீச்சர் நானா உங்க தங்கச்சியா?" என்று கேட்டாள். காலையில் கோவில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுப்பது போலவே இருக்கிறதாம்.

நீ கேட்டதற்குப் பதில். இங்கிருந்து சுங்குவார்சத்திரம் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர், அது ஒரு பத்து. அங்கே ஒரு மணி நேரம் வண்டி நிற்கும். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். வாரத்தில் மூன்று நாள்.

உட்காரப்போகிறவருக்கு வலது கால் மடங்காது. முன் சீட்டு எவ்வளவு தூரம் பின்னால் தள்ளும்? கதவு அகலமாகத் திறக்குமா? ஊன்றுகோல் இரண்டு பின்னால் வைக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது சில வண்டி நடுங்குகிறதே, அந்த நடுக்கம் எலும்புக்கு வலி தருமா? இதையெல்லாம் புரோக்கரிடம் கேட்டால் சிரிக்கிறான்.

ஷேர் ஆட்டோவில் காலை வெளியே நீட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. பஸ்ஸில் படி ஏறமுடியாது. பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

செல்வநாதன்


திண்டிவனம்
2.10.2024

அன்புள்ள அண்ணா,

தேவ அன்னையின் மாதம் தொடங்கியிருக்கிறது. உங்கள் மூவருக்காகவும் தினமும் ஒரு ஜெபமாலை.

உன் பாதைக்குப் பெட்ரோல். அதில் சந்தேகம் வேண்டாம். நாலு சிலிண்டர் என்ஜினாகப் பார். மூன்று சிலிண்டர் வண்டி மோசமில்லை, ஆனால் சிக்னலில் நிற்கும்போது தரை வழியாக ஒரு துடிப்பு வரும். எலும்பில் பிளேட் வைத்திருந்தால் அந்தக் காலுக்கு அது தெரியும். கேஸ் வேண்டாம், ஊன்றுகோலுக்கு இடம் இருக்காது. சீட்டு எவ்வளவு தள்ளும் என்பதை ஒரு நாடா எடுத்துப் போய் அளந்து பார்த்துவிடு, வெட்கப்படாதே.

வாங்கும் முன் செய்ய வேண்டியது: விடிந்ததும் போ, வண்டி குளிர்ந்திருக்கும்போது நீயே ஸ்டார்ட் செய். முதல் இரண்டு விநாடி காதைக் கொடு. சங்கிலி உரசுவது போல் கரகரவென்று கேட்டால் திரும்பி வந்துவிடு. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அடியில் பார். பால் விட்ட காபி போல நுரை இருந்தால் தண்ணீர் உள்ளே கலக்கிறது என்று அர்த்தம். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. கிலோமீட்டர் மீட்டரை நம்பாதே, பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்.

இனி நான் கேட்பதற்கு நீ சொல். யார் அந்தப் பெண்? பெண் என்று நீ எழுதவில்லை. ஆண் என்றால் நீ பெயரை எழுதியிருப்பாய்.

ஜோஸ்லின்


வல்லக்கோட்டை
27.10.2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே நேற்று முழுவதும் மழை. நாங்கள் சுகம்.

படப்பையில் பெருமாள்சாமி என்று ஒரு கார் புரோக்கர். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். ஆறரை மணிக்கே நானும் அன்னபுஷ்பமும் போய் நின்றோம். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும் என்று நீ சொன்னதால் முதலில் பானட்டின் மேல் கை வைத்தேன். இட்லிப் பானை மாதிரிச் சுட்டது.

"ஏங்க, இது காலையிலயே ஓடிக்கினு வந்துருக்குதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தொடச்சி நிறுத்துனேம் அண்ணாச்சி. வண்டி கெடக்குற கெடைக்கு ஒரு வாட்டி ஓட விட்டாத்தான் நல்லாருக்கும்" என்றார்.

"அப்போ நாளைக்கு வர்றோம். தொடைக்காம வைங்க" என்றாள் உன் அண்ணி.

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஆருட்டயோ நல்லாப் படிச்சிட்டு வந்துருக்கீய" என்றார். மடத்தில் இருக்கிற தங்கச்சி என்று நான் சொல்லவில்லை. நம்பமாட்டார்.

மறுநாள் போனோம். குளிர்ந்த வண்டி. முதல் சத்தமே கரகரவென்று வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த வண்டி, வெள்ளை நிறம், ஏழு வருடம் ஓடியது, நாலு சிலிண்டர் பெட்ரோல். சத்தம் சுத்தம். நாடா வைத்து அளந்தேன், சீட்டு நன்றாகத் தள்ளுகிறது. வல்லக்கோட்டை முருகன் கோவில் வரை ஓட்டிப் பார்த்தேன். திரும்பும் வழியில் இடது பக்கமாக ஒரு சைக்கிள்காரர். அன்னபுஷ்பம் கத்தினாள், நான் பிரேக் அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இடது பக்கக் கண்ணாடி சரியாக வைக்கப்படவில்லை, அதுதான்.

வண்டியை இன்னும் முடிவு செய்யவில்லை. நீ கேட்டதற்கு, தெரிந்த பெண். கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தாள். பூமாரி என்று பெயர். அடிபட்டுவிட்டது.

செல்வநாதன்


திண்டிவனம்
10.11.2024

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். சைக்கிள்காரர் நடுரோட்டில் வரவில்லை, ஓரமாக வந்தார். காரின் முன் கண்ணாடி வழியாகவே தெரிந்திருக்க வேண்டியவர். அதற்குப் பக்கக் கண்ணாடி எதற்கு?

அப்பாவை நினைத்துப் பார். கடைசி மூன்று வருடம் சாப்பாட்டில் உட்கார்ந்தால் இடது கைப்பக்கம் வைத்த தண்ணீர் தம்ளரைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கவனம் இல்லை என்று அம்மா திட்டுவாள். கண் அழுத்தம் என்று கண்டுபிடிக்கும்போது பாதிப் பார்வை போயிருந்தது. நேரே பார்ப்பது கடைசி வரை சரியாகவே இருக்கும், பேப்பர் படிக்கலாம், கடிதம் எழுதலாம். அதனால் யாருக்கும் தெரியாது. பார்வை போகிறவனுக்கே தெரியாது. டாக்டர் அன்றைக்கே சொன்னார், பிள்ளைகள் நாற்பது தாண்டியதும் பரிசோதிக்க வேண்டும் என்று. நான் செய்துகொண்டேன். நீ?

இந்த வாரமே போ. அது வரை எந்த வண்டியின் ஸ்டியரிங்கிலும் கை வைக்காதே. பைக்கும் வேண்டாம்.

டிசம்பர் முதல் தேதியிலிருந்து திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ் முடியும்வரை எங்களுக்குக் கடிதம் கிடையாது. அதற்குள் ஒரு வரியாவது எழுது.

ஜோஸ்லின்


வல்லக்கோட்டை
12.1.2025

அன்புள்ள ஜோஸ்லினுக்கு,

அண்ணி எழுதுகிறேன். சிஸ்டர் என்று எழுத வேண்டும் என்பார் உன் அண்ணன், எனக்கு வருவதில்லை. புது வருடம் உனக்கு ஆசீர்வாதமாக இருக்கட்டும். கிறிஸ்துமஸ் முடிந்து நீ அனுப்பிய அட்டை வந்தது. உனக்கு ஏன் பதில் வரவில்லை என்று நீ யோசித்திருப்பாய். பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார், மடித்து வைத்துவிடுவார். இரண்டு மாதமாக இதே கதை.

கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துப் போனேன். நீ பயந்தது சரி. இடது கண்ணில் ஓரப் பார்வை பாதிக்கு மேல் இல்லை. வலது கண்ணிலும் ஆரம்பம். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து ஆயுள் முழுக்க. டாக்டர் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டு இருந்தார். அதிர்ச்சி ஆனவர் மாதிரி இல்லை. ஏதோ கணக்குச் சரியாக வந்துவிட்ட மாதிரி இருந்தார். அது எனக்கு என்னவோ போல இருந்தது.

இன்னொன்று எழுத வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்குகிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பெண் பெயரை உனக்கு எழுதிய கடிதத்தில்தான் பார்த்தேன், எனக்கு அவர் சொல்லவில்லை. நான் என்ன நினைத்திருப்பேன் என்று உனக்கே தெரியும். டிசம்பரில் ஒரு ஞாயிறு அவர் திரும்பி வந்த பிறகு, நான் மட்டும் போய், பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தேன். டீக்கடைக்குப் பின்னால் ஒரு அறை, அதில் ஆறு பெண்கள். ஐந்து பேர் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார்கள். ஒரு பெண் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். வலது காலில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்த கட்டு.

யார் என்று சொன்னதும், "செல்வம் அண்ணன் வூட்லயா? வாங்கக்கா" என்று எழப் பார்த்தாள். நான் உட்கார வைத்தேன்.

"எப்படிம்மா ஆச்சி?"

"என் தப்புதான்க்கா. நடக்குறவங்களுக்குன்னு தரையில மஞ்சக் கோடு போட்ருப்பாங்க. நான் அதத் தாண்டி வண்டி வர்ற வழியில நின்னுக்கினு இருந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. திரும்பி நின்னு லேபிள் ஒட்டிக்கினு இருந்தேன், அவ்ளோதான் தெரியும். ரிப்போர்ட்ல அப்டித்தான் கீது. காண்ட்ராக்டர் அதோட வேலைய வுட்டு நிறுத்திட்டாரு. அண்ணன் மட்டுந்தான் வந்து பாக்குறாரு. அவரு ஓட்டுன வண்டிதான், ஆனா அவரு மேல ஒண்ணும் இல்லக்கா."

வீட்டுக்கு வந்தேன். அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டால் ஏதாவது சொல்லி முடித்துவிடுவார், பிறகு அதை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் வாழவேண்டியிருக்கும். நீ கேள். உனக்குப் பொய் எழுத அவருக்கு வராது. அதனால்தான் எழுதாமல் இருக்கிறார்.

குன்றத்தூரில் டிரைவிங் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் கிளட்ச் பழகுகிறேன். முட்டிதான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது.

அன்புடன்
அண்ணி


திண்டிவனம்
25.1.2025

அன்புள்ள அண்ணா,

அண்ணி எழுதியிருந்தார். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு.

வண்டியைப் பற்றி இனி எழுதமாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுதிவிட்டேன்.

ஜூலையில் நடந்ததை எழுது. இனி உன் கடிதங்களைத் தலைவி அம்மா பிரிக்கமாட்டார், அப்படி நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் ஐந்து, சாம்பல் புதன். அன்றிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை நாங்கள் யாருக்கும் எழுதுவதில்லை. வருகிற கடிதத்தை வாசிக்கலாம்.

உன் தங்கை
ஜோஸ்லின்


வல்லக்கோட்டை
3.3.2025

அன்புத் தங்கைக்கு,

நீ பதில் எழுத முடியாத நாளாகப் பார்த்து எழுதுகிறேன். நாற்பது நாள் உன் பதில் வராது என்ற தைரியத்தில்தான் எழுத வருகிறது. நாங்கள் உடம்புக்கு நலம்.

ஜூலை ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மதியம் ஷிப்ட் மாறுகிற நேரம். பிரேக் டிரம் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ரேக்கின் மூலையில் இடது பக்கம் திரும்பினேன். இருபது வருடமாகத் திரும்பிய மூலை. வண்டி எதன் மேலோ ஏறியது போல ஒரு தூக்கல். அட்டைப் பெட்டி என்று நினைத்தேன். பிறகுதான் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் பூமாரி. இடது சக்கரம் அவள் வலது காலின் மேல் நின்றது. வண்டியைப் பின்னால் எடுக்க நான் மறுபடி மேலே ஏறி உட்கார வேண்டியிருந்தது ஜோஸ்லின். அந்த அரை நிமிடம்.

அவள் கோட்டுக்கு உள்ளேதான் நின்றாள். தன் இடத்தில் நின்றாள். கோட்டைத் தாண்டியது நான். ஒரு முழம் தாண்டியிருந்தது என் சக்கரம். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு நின்று பார்த்தேன், தரையில் டயர் தடம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ துடைத்துவிட்டார்கள். அந்த மூலையில் கேமரா கிடையாது.

சூப்பர்வைசர் புருஷோத்தமன் பேப்பரைக் கொண்டு வந்தார். நான், "சார், எனக்குத் தெர்ல. நான் பாக்கவே இல்ல" என்றேன்.

"பாக்கலன்னு எழுதுனா இன்னா ஆவும்னு தெரியுமா? லைசென்ஸ் போவும், என்கொயரி வரும். இருபது வருஷ சர்வீஸ் கீது உனக்கு. அந்தப் பொண்ணு கோட்டுக்கு இந்தாண்ட வந்துட்ச்சின்னு எழுது. காண்ட்ராக்ட் பொண்ணு. நாளைக்கு வேற கம்பெனிக்குப் போய்க்கும்."

எழுதினேன். என் கையெழுத்துதான். அவரை மட்டும் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. அவர் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

மறுநாள் முதுகுவலி என்று சொல்லி ஸ்டோருக்கு மாறிக்கொண்டேன். அவ்வளவு பக்கத்தில் நின்றவளை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று மாதக்கணக்காகப் புரியவில்லை. தூங்கிவிட்டேனோ, புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். கண் என்று டாக்டர் சொன்னபோது, பாவி நான், நிம்மதியாக இருந்தது. ஆனால் கண் தெரியாதது நோய். கோட்டைப் பற்றி எழுதியது நோய் இல்லை.

ஞாயிறு தோறும் போகிறேன். அவள் என்னிடம், "ஸாரிண்ணா, என்னால உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்" என்கிறாள். ஆரஞ்சுப் பழத்தை உரித்து என் கையிலும் இரண்டு சுளை வைக்கிறாள்.

ஒரு வண்டி வாங்கி அவளைச் சிகிச்சைக்குக் கூட்டிப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எந்த என்ஜின், எந்த சீட்டு என்று உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம் அதுதான் என் மனதில் ஓடியது. நல்ல வண்டியாக, நடுங்காத வண்டியாகக் கிடைத்துவிட்டால் போதும் என்று.

போன மாதம் அந்த வெள்ளை வண்டியையே வாங்கிவிட்டோம். ஓட்ட எனக்கு அனுமதியில்லை, அன்னபுஷ்பத்துக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை. வாசலில் நிற்கிறது. அன்னபுஷ்பத்திடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்து போய்ச் சோறு போட்டாள்.

செல்வநாதன்


திண்டிவனம்
21.4.2025

அன்புள்ள அண்ணா,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

நாற்பது நாளும் உன் கடிதம் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருந்தது. பதில் எழுத முடிந்திருந்தால் முதல் வாரத்தில் உன்னைத் தேற்றி எழுதியிருப்பேன். இரண்டாம் வாரத்தில் திட்டி எழுதியிருப்பேன். இரண்டும் எழுத முடியாமல் போனது நல்லது.

உன்னை மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், செய். ஆனால் அதற்கு முன்னால் கம்பெனிக்குப் போ. பாவத்தைச் சொல்ல வேண்டிய இடம் முதலில் அது. பிறகு பூமாரி. அவளிடம் பழம் கொண்டு போகாதே. வெறும் கையோடு போ.

அவள் உன்னை மன்னிப்பாள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. ஒன்பது மாதமாக அவள் காலைவிடத் தன் புத்தியை நம்பாமல் இருந்திருக்கிறாள். தான் நின்ற இடம் தனக்கே தெரியாது என்று நம்பவைக்கப்பட்ட பெண் அவள். அதைத் திருப்பிக் கொடுப்பதற்கு உன்னிடம் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்தான்.

வேலை போகலாம். நிர்மல் படிப்பு முடியப்போகிறது, அண்ணிக்குச் சம்பளம் இருக்கிறது. எப்படியோ ஓடும். பொய்யாக எழுத விரும்பவில்லை, எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஜோஸ்லின்


வல்லக்கோட்டை
18.5.2025

அன்புத் தங்கை ஜோஸ்லினுக்கு,

வெயில் தாங்க முடியவில்லை. உனக்கு இந்த மாதம் மூச்சு சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்த மூன்றாம் நாள், ஏப்ரல் இருபத்தெட்டு, நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன். டாக்டர் கொடுத்த கண் ரிப்போர்ட்டையும், நானே எழுதிய ஒரு பக்கத்தையும் கொடுத்தேன். அந்த அதிகாரி சின்ன வயது. வாசித்துவிட்டு, "எதுக்கு சார் இப்போ?" என்றார். வாங்கிக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்து மட்டும் கேட்டு வாங்கினேன். புருஷோத்தமன் கேன்டீனில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "என்னையும் சேத்து முட்ச்சிட்ட" என்றார். அவருக்கும் ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள்.

விசாரணை நடக்கிறது. என்னை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். பூமாரி மேல் தவறு என்ற ரிப்போர்ட்டை ரத்து செய்திருக்கிறார்கள், நஷ்டஈட்டுக்கு அவளை எழுதித்தரச் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நாள் ஆகுமோ.

அவளிடம் வெறும் கையோடுதான் போனேன். அறையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன். நீ கோட்டுக்குள்ளதான் நின்னம்மா, தாண்டுனது நான்தான் என்றேன்.

"உள்ளதான் நின்னேனா?"

"உள்ளதான்."

"நான் எங்க அம்மா கிட்ட கூட என் தப்புன்னு சொல்லிக்கினு இருந்தேன். எங்க அப்பா ஊர்ல, கவனமில்லாத கழுதன்னு திட்டிக்கினு கீறாரு." பிறகு, "நீங்க போங்கண்ணா. இனிமே வராதீங்க" என்றாள். அண்ணா என்றுதான் சொன்னாள். அது அவளுக்குப் பழக்கத்தில் வந்திருக்கும். கூட இருந்த பெண் எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

அன்னபுஷ்பத்துக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அடுத்த வாரம் அவள் தனியாகப் போனாள். இரண்டு முறை அந்தப் பெண் வண்டியில் ஏறமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை, "அவரு வண்டில வரமாட்டாருல்ல?" என்று கேட்டிருக்கிறாள். வரமாட்டார் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு வாரம் மூன்று நாள் போகிறார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் இப்போது சிரமம் இல்லை.

நான் அந்த வண்டியில் இதுவரை ஏறவில்லை. ஞாயிறு பூசைக்குக்கூட அன்னபுஷ்பம் பஸ்ஸில் என்னோடு வருகிறாள். விசாரணைக்குப் போகும் நாட்களில் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நிற்பேன். போன வியாழன் அவர்கள் இரண்டு பேரும் அந்த வழியாகப் போனார்கள். வண்டி எனக்கு இடது பக்கத்திலிருந்து வந்தது, அதனால் கடந்து போன பிறகுதான் தெரிந்தது. முன் சீட்டு நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. பூமாரி காலை நீட்டி உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

நேற்று அன்னபுஷ்பம் வந்து ஒரு விஷயம் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் மேம்பாலத்தில் ஏறும்போது என்ஜினிலிருந்து டிக்டிக்கென்று ஒரு சத்தம் வருகிறதாம். இவளுக்குக் கேட்கவில்லை. பூமாரிதான் கவனித்துச் சொன்னாளாம், "வூட்ல அவரு கிட்ட கேளுங்கக்கா, இன்னான்னு" என்றாளாம்.

மேடு ஏறும்போது மட்டும்தான் வருகிறது, சமத்தில் இல்லை. ஏ.சி. போட்டால் கூடுகிறது. எதனால் என்று விவரமாக எழுது. நான் எழுதிக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

உன் ஜெபத்தில் எங்களை, அவளையும், வைத்துக்கொள்.

அண்ணன்
செல்வநாதன்